விலைவாசி அத்தானின் புகைச்சீட்டு

எங்கள் தெருவில் என் அத்தானுக்கு விலைவாசி என்று பெயர். அவர் மாடிப்படி ஏறினால் விலைவாசி ஏறுகிறது என்பார்கள். இறங்கினால், இன்றைக்கு ஏதோ நல்ல காலம், விலைவாசி இறங்குகிறது என்பார்கள். அதெல்லாம் அவர் காதிலும் விழும். கோபமே வராது. "ஒரு பட்டப்பேர் யோசிக்கிறதுக்கு எவ்வளவு மூளை செலவாகுது, அதைப் போய் இலவசமா கொடுக்கிறாங்களே" என்று அவர்களுக்காக வருத்தப்படுவார்.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். அங்கே மணி அடித்தால் பாடம் முடிந்துவிடும். வீட்டில் மணி அடிக்க ஆள் இல்லை. என் அக்கா அவருக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் கீழ்வீட்டில் இருப்பதால் எனக்கு அது படிக்கட்டு வழியாக இறங்கி வருகிறது. எனக்குத் தொழில் டிரைவிங் ஸ்கூல். கற்றுக்கொள்கிறவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் தனியாக வைத்திருக்கும் பிரேக்கை மிதிப்பதுதான் என் பிழைப்பு. அத்தான் விஷயத்திலும் அதைத்தான் செய்து பார்க்கிறேன். பிரேக் பிடிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் ஏலம் நடக்கும். பாத்திரம் கழுவுவது, துணி காயப்போடுவது, ஒட்டடை அடிப்பது எல்லாம் ஏலத்துக்கு வரும். யார் குறைந்த கூலிக்குச் செய்யச் சம்மதிக்கிறார்களோ வேலை அவர்களுக்கு. அக்கா கூசாமல் ஆகாயத்துக்கு ஒரு கூலி சொல்வாள். அத்தான் நியாயஸ்தர், நியாயமான கூலி கேட்பார். ஆக எல்லா வேலையும் நியாயமாக அவர் தலையில் விழும். "சந்தை தீர்ப்பு சொல்லிடுச்சு" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்குப் போவார். அந்த முகத்தில் அப்படி ஒரு திருப்தி இருக்கும், எனக்கு எரிச்சலாக வரும்.

என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தபோது நாற்சந்தி நடுவில் நிறுத்திவிட்டார். நாலு பக்கமும் ஹாரன் அலறுகிறது. "முதல்ல யார் போகணும்னு நாம எப்படி முடிவு பண்றோம்? யாருக்கு அவசரம் அதிகமோ அவன் மத்தவங்களுக்குக் காசு கொடுத்துட்டுப் போகலாம் இல்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடுங்கி ஓரம் கட்டினேன். அன்றைய வகுப்புக்கும் முழுக் கட்டணம் கொடுத்தார், ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டார். கொழுந்தியாள்தானே, போனால் போகட்டும் என்று நான் கட்டணத்தை விட்டுக்கொடுத்தால் அவருக்கு முகம் சுருங்கிப்போகும். யாரிடமிருந்தும் எதையும் சும்மா வாங்க மாட்டார். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கடன் வாங்கினால்கூட மறுநாள் ஒரு டப்பா போய்ச் சேரும்.

சந்தை, அறம், சுற்றுச்சூழல் மூன்றையும் சேர்த்து ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். புது யோசனை உதித்தால் சாப்பாட்டு மேசையில் எங்கள் மேல் ஒத்திகை நடக்கும்.

"காத்து நாசமாகிறதுக்குக் கெட்டவங்க காரணம் இல்ல. காத்துக்கு விலை இல்ல, அதுதான் காரணம். உன் வாசல்ல குப்பை போட்டா நீ சண்டைக்குப் போவே. காத்துல போட்டா யார் போவாங்க?"

"நான் போவேன்" என்றேன்.

"நீ எதுக்கும் போவே. உன்னைக் கணக்குல சேர்க்க முடியாது."

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த வீட்டில்தான் அக்காவுக்கு இரைப்பு வந்தது. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள். இலை உதிரும் காலத்தில் தெருவே காணாமல்போகும். தினமும் காலையில் அவரவர் வாசல் இலையைக் குவித்துக் கொளுத்துவார்கள். அதிலும் எதிர்வீட்டு ரயில் கார்டு இருக்கிறாரே, ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்கு இதுதான் டூட்டி. விடிந்ததும் பெருக்கி, கூம்பாகக் குவித்து, தீ வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அது எரிந்து முடியும் வரை நிற்பார். புகை நேராக எங்கள் மாடிக்கு வரும்.

டாக்டர் அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். ஒன்று, புகை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இலை உதிரும் காலம் முழுக்க அவள் வேறு ஊருக்குப் போய்விட வேண்டும். வேறு ஊரில் மகள் இருக்கிறாள். "அம்மா, பேசாம இங்கேயே வந்துடு, வருஷம் பூரா இரு" என்று அவள் தினமும் போனில் பிடித்த பிடியை விடவில்லை. அக்காவும் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்துவிட்டாள்.

அத்தானுக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதன் மேல் துண்டைப் போட்டு மூடினார். அக்கா துண்டை எடுத்து மடித்து வைத்தாள். மறுபடி மூடினார்.

"ஏங்க, இவ்வளவு எதுக்கு? கார்டுகிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லுங்க. என் பொண்டாட்டிக்குப் புகை ஆகல, கொஞ்சம் நிறுத்துங்கன்னு. மனுஷன் கேக்காமலா போவாரு?"

"கேப்பார். அதுதான் பிரச்சினை" என்றார் அத்தான். "விலைங்கிறது ஒரு மரியாதை. ஒருத்தர்கிட்ட விலை கேக்கிறப்போ, இது உங்களுது, வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்குன்னு ஒத்துக்கிறோம். நோவைக் காட்டிக் கெஞ்சினா அவரால வேணாம்னு சொல்ல முடியாது. அது கையை முறுக்கிப் பிடுங்கிற மாதிரி. ரெண்டு பேரும் இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

எனக்கு வாய் துறுதுறுத்தது. அக்கா என் கையை மேசைக்கு அடியில் அழுத்தினாள். அப்புறம் தனியாக, "விடு, அவர் வழியில ஒருதரம் பார்க்கட்டும். ஒருத்தர் முன்னாடி அவர் தலை குனிஞ்சு நிக்கிறதை என்னாலயும் பார்க்க முடியாது" என்றாள். அவளுக்கு ஏதோ தெரியும் போலிருக்கிறது, சொல்லவில்லை. சரி, நீங்களாச்சு உங்கள் சந்தையாச்சு என்று விட்டேன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வாயைக் கொடுத்து மீண்டவர் கிடையாது.

அத்தான் கார்டைப் பார்த்து, இலையைக் கொளுத்தாமல் இருந்தால் வாரா வாரம் இவ்வளவு தருகிறேன் என்று பேசி முடித்தார். ஏன், எதற்கு என்று கார்டு கேட்கவில்லை. கொளுத்தாமல் இருப்பதற்குக் கூலி கொடுக்கும் ஆளிடம் யார் காரணம் கேட்பார்கள்? அத்தான் வெற்றி நடை போட்டு வந்தார்.

தெரு சும்மா இருக்குமா? இதுவரை இலையைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுக்கொண்டிருந்த தையல்கார அம்மா மறுநாளே வாசலில் தீ மூட்டி, மாடியைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். பல் டாக்டர் வீட்டு முன்னால் மரமே கிடையாது. அவர் ஸ்கூட்டரில் முன்னாலும் பின்னாலும் மூட்டை கட்டி எங்கிருந்தோ இலை கொண்டுவந்து கொளுத்தினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நேராக மாடிக்கு வந்து, "நான் நிறுத்தணும்னா எவ்வளவு தருவீங்க சார்?" என்றார். ஒரே வாரத்தில் முன்பைவிட இரண்டு மடங்கு புகை. அக்கா தலையணைகளை அடுக்கி நிமிர்ந்து உட்கார்ந்தே தூங்கினாள்.

"மடத்தனம் பண்ணிட்டேன்" என்றார் அத்தான். அப்பாடா, புத்தி வந்தது என்று நினைத்தேன். "உரிமைக்கு அளவு வைக்காம விலை வெச்சது என் தப்பு. முதல்ல அளவு, அப்புறம் விலை." கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

இப்படித்தான் புகைச்சீட்டு பிறந்தது. என் டிரைவிங் ஸ்கூல் அறையில் தெருக்காரர்களைக் கூட்டினார். சுவரில் நான் மாட்டியிருந்த சாலைச் சின்னங்களைக் குச்சியால் தட்டித் தட்டி விளக்கினார். ஒரு வீட்டுக்கு மாதத்துக்கு இத்தனை சீட்டு, எல்லோருக்கும் சமம். ஒரு குவியல் கொளுத்த ஒரு சீட்டு. சீட்டு இல்லாமல் தீக்குச்சி உரசக் கூடாது. கொளுத்த விருப்பமில்லை என்றால் சீட்டை அடுத்தவருக்கு விற்கலாம், அத்தானிடமே விற்கலாம், வைத்துக்கொண்டு அழகும் பார்க்கலாம். "என்ன விலைக்கு?" என்றார் பல் டாக்டர். "நீங்களும் வாங்கறவரும் சந்தோஷப்படுற விலைக்கு" என்றார் அத்தான். அந்த வாக்கியம் தெருவில் யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

மேற்பார்வைக்குக் கார்டு. அவர் வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பழைய பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, விசில் மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். விசிலுக்கு ஏற்கெனவே பாலிஷ் போட்டு வைத்திருந்தார் என்பதைக் கவனித்தேன். சீட்டைக் கொடுத்தால் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பச்சைக் கொடி காட்டுவார், அப்புறம்தான் தீ. ரிட்டயர் ஆனதிலிருந்து கூன் விழுந்திருந்த மனிதர் அன்றைக்கு ஒரு பிடி உயரமாகத் தெரிந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு அடங்காது. சீட்டு விலை ஏறியது. அத்தான் கிடைத்ததையெல்லாம் வாங்கியதால்தான் ஏறியது, ஆனால் அது தெருவுக்குத் தெரியாதே. இன்றைக்கு விற்றால் நாளைக்கு வருத்தப்படுவோம் என்று எல்லோரும் பதுக்கிக்கொண்டார்கள். தையல்கார அம்மா ரவிக்கை தைத்த கூலியைச் சீட்டாகக் கொடுங்கள் என்றார். பல் டாக்டர் ஒரு சீட்டுக்கு ஒரு பல் சுத்தம் என்று போர்டு வைத்தார். நல்ல பல்லையெல்லாம் காட்டிக்கொண்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். என்னிடம் வண்டி ஓட்டப் பழகிய ஒருவர் ரிவர்ஸ் எடுப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு, "மேடம், கையில சீட்டு ஏதும் இருக்கா?" என்று காதோடு கேட்டார். நான் அடித்த பிரேக்கில் அவர் மூக்கு ஸ்டியரிங்கில் பட்டது.

இவ்வளவு விலைமதிப்புள்ள சீட்டை எவன் கிழித்து இலையைக் கொளுத்துவான்? தெருவில் ஒரு புகை இல்லை. இலை கணுக்காலைத் தாண்டி முழங்காலை எட்டியது. பெருக்கக்கூட ஆள் இல்லை, ஏனென்றால் எல்லோரும் சிரமமில்லாமல் பணக்காரர்களாகிக்கொண்டிருந்தார்கள். கார்டு மட்டும் கொடி காட்ட வேலையில்லாமல் விசிலைத் துடைத்துக்கொண்டு, தன் சீட்டுகளில் ஒன்றைக்கூட விற்காமல் வைத்திருந்தார்.

அக்கா மொட்டைமாடிக்குப் போனாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். பெட்டி பரணுக்கு ஏறியது. மகளுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லியாயிற்று. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் எல்லா வேலையையும் கூலியே கேட்காமல் எடுத்துக்கொண்டார். பாத்திரம் கழுவிக்கொண்டே புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். அதில் எங்கள் தெரு மனித குலத்துக்கே வழிகாட்டியாக இருந்தது.

அத்தான் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார், அதுதான் வினை. சீட்டு அடிக்கக் கொடுத்தபோது கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். மாதக் கடைசி வரை மட்டுமே செல்லும். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டுமாம். அந்த வரியை அவரைத் தவிர யாரும் படிக்கவில்லை. அவரும் எழுதியதோடு மறந்துவிட்டார்.

மாதத்தின் கடைசி நாள் மத்தியானம், ஊசியில் நூல் கோக்கப் புதுக் கண்ணாடி மாட்டிய தையல்கார அம்மா, மேசைமேல் கிடந்த சீட்டைத் தற்செயலாகப் பார்த்தார். "ஐயையோ, இது இன்னைக்கு ராத்திரியோட செல்லாதாமே." அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் சீட்டு விலை தரையில் கிடந்தது. விற்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. மிச்சம் என்ன? கொளுத்தலாம். கையில் இருப்பதை வீணாக்கினால் தெருக்காரர்களுக்குத் தூக்கம் வருமா? பல் டாக்டர் சேர்த்து வைத்திருந்ததே ஒரு கட்டு.

நான் ஒரு மாணவியோடு திரும்பி வந்தபோது தெரு முனையில் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளையும் சாம்பலுமாகப் புகை, நடுநடுவே சிவப்பு. உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது. நடுத்தெருவில் கார்டு நின்றுகொண்டு, வலப்பக்கம் ஒரு தீ, இடப்பக்கம் ஒரு தீ என்று பச்சைக் கொடியை வீசி வீசி வழியனுப்பிக்கொண்டிருந்தார். வாசலுக்கு வாசல் குவியல், ஒரு மாத இலை. ஜனங்கள் சிரிக்கிறார்கள், கத்துகிறார்கள், ஒருவர் குவியலுக்கு ஒருவர் விசிறுகிறார். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ஒரு கணம் எனக்கே துள்ளலாக இருந்தது. அடுத்த கணம் அக்கா ஞாபகம் வந்தது.

மாணவியை இறக்கிவிட்டு, வண்டியை ஊர்ந்து ஊர்ந்து வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மாடிக்கு ஓடினேன். அக்கா ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, முந்தானையை மூக்கில் வைத்து, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். இன்ஹேலரை இரண்டுமுறை இழுத்திருக்கிறாள், கேட்கவில்லை. கால்மாட்டில் பெட்டி இருந்தது. அந்த நிலையிலும் நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறாள்.

"போதும்" என்றாள் மூச்சுக்கு நடுவே. "இன்னைக்கே போறேன். பஸ் ஸ்டாண்டுல விடு. இனிமே திரும்பி வர்ற எண்ணம் இல்ல."

பெட்டியை டிக்கியில் போட்டு, அவளைக் காரில் உட்காரவைத்து, கண்ணாடியை முழுக்க ஏற்றினேன். வண்டியைக் கிளப்பினால், அதற்குள் முன்னால் ஒரு குவியல், பின்னால் ஒரு குவியல். மிதித்துக்கொண்டு போகவும் முடியாது, எல்லாம் எரிகிறது. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற எனக்கு ஒரு சாண் நகர வழியில்லை. ஹாரனை அழுத்தினேன், விசில் சத்தத்தில் அது எடுபடவில்லை.

அப்போதுதான் அத்தான் கல்லூரிப் பையோடு புகைக்குள் ஓடிவந்தார். காரையும் அக்காவையும் பார்த்தார். டிக்கி சரியாக மூடாமல் பெட்டியின் ஓரம் தெரிவதையும் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நேராகக் கார்டிடம் போனார். நான் கதவைத் திறந்து இறங்கிப் பின்னாலேயே ஓடினேன்.

"கார்டு சார், நிறுத்துங்க. எல்லாச் சீட்டையும் நானே வாங்கிக்கிறேன். ரெண்டு மடங்கு விலை."

"அது எப்படி சார்? நாளைக்கு இது வெறும் காகிதம். வெறும் காகிதத்துக்கு உங்ககிட்ட காசு வாங்க நான் என்ன திருடனா?"

"மூணு மடங்கு."

"நீங்க போட்ட சட்டம், நீங்களே வளைக்கலாமா? தேதியும் நீங்க போட்டதுதானே." கார்டு அடுத்த வீட்டுக்குப் பச்சைக் கொடியை ஆட்டினார். "காசுக்காகக் கொடி மாத்துற பழக்கம் எனக்குச் சர்வீஸ்லயே கிடையாது."

அத்தான் பையைக் கீழே போட்டார். எத்தனை மடங்கு சொன்னாலும் வாங்காத ஓர் ஆளை அவர் பார்ப்பது அதுதான் முதல்தடவை. நான் செய்த சத்தியத்தைக் காற்றில் பறக்கவிட்டுக் கத்திவிடலாம் என்று மூச்சை இழுத்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார். உரக்கக்கூட இல்லை.

"என் பொண்டாட்டியால மூச்சு விட முடியல, சார். கொஞ்சம் அணைங்க."

விசில் கார்டின் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் தொங்கியது. காரைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவ்வளவுதான், சிவப்புக் கொடி மேலே போயிற்று. அந்த மனிதர் ஊதிய ஊதலில் தெரு மொத்தமும் அப்படியே நின்றது. "அணைங்கடா எல்லாத்தையும். தண்ணி, தண்ணி." பல் டாக்டர் தன் கிளினிக் வாளியோடு ஓடிவந்தார். தையல்கார அம்மா செடிக்கு ஊற்றும் குழாயைத் தெருவுக்கு இழுத்தார். சற்று முன் விசிறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்கள். ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டார்கள், கார்டு மேலும் ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கக் கருஞ்சேறு, தெப்பமாக நனைந்த ஜனம். மேலேயிருந்து காற்று வீசிப் புகையை வாரிக்கொண்டு போனது. அக்கா ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாள். அவள் மூச்சு இழுத்து இழுத்து மெல்லச் சீராவதை எல்லோரும் நின்று கேட்டோம்.

பிறகு கார்டு அத்தானைப் பிடித்துக்கொண்டார். "ஏன் சார், உங்களுக்குப் புத்தி இருக்கா? ஒரு மாசமா சீட்டு, ஏலம், விலைன்னு ஆட்டம் காட்டினீங்களே, முதல் நாளே இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா நான் தீப்பெட்டியைத் தொட்டிருப்பேனா? உங்களுக்குப் புகை நாத்தம் பிடிக்கல, பெரிய மனுஷத்தனம் பண்றீங்கன்னு இல்ல நினைச்சேன்."

அத்தான் கார்டு வீட்டு ஈரப் படியில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் சேறு. "சொல்லியிருந்தா நீங்க விட்டுக்கொடுத்திருப்பீங்க. அதை நான் எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?" என்றார். அப்புறம் யாரையும் பார்க்காமல் சொன்னார். "நான் சித்தப்பா வீட்டுல வளர்ந்தவன். ஒவ்வொரு வேளையும் தட்டுல சோறு விழும், கூடவே ஒரு பேச்சும் விழும். உன்னை நாங்க வளர்க்கலேன்னா நீ தெருவுலதான்னு. நல்லவங்கதான், பட்டினி போடல. சொல்லிக் காட்டாம மட்டும் இருக்கத் தெரியல. முதல் சம்பளம் வாங்கின அன்னைக்கு ஒரு ஓட்டல்ல சாப்பிட்டேன். பில் கொடுத்தாங்க, காசு கொடுத்தேன், வெளியே வந்தேன். யாரும் ஒண்ணும் சொல்லல. வயிறு நிறைஞ்சு தலை நிமிர்ந்து நடந்தது அன்னைக்குத்தான். அதனாலதான் எனக்குக் கடைன்னா பிடிக்கும், சந்தைன்னா பிடிக்கும். வேற ஒண்ணுமில்ல."

இத்தனை வருஷமாக மாடியிலிருந்து இறங்கிவந்த பாடத்தில் இந்த ஒரு பக்கத்தை அவர் எனக்கு நடத்தியதே இல்லை. அவரை எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்.

கார்டு தலையிலிருந்து தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டார். பிறகு அவரும் படியில் உட்கார்ந்தார்.

"சரி சார். சும்மா வேணாம். விலை சொல்றேன்."

அத்தான் நிமிர்ந்தார்.

"இனிமே இந்தத் தெருவுல இலையைக் கொளுத்த மாட்டோம். என் வீட்டுக்குப் பின்னாடி குழி வெட்டிப் போட்டுடலாம். அதுக்கு நீங்க வாரத்துல ஒரு நாள் காலையில வந்து என்கூடப் பெருக்கணும். அதுதான் விலை. யாரும் யாருக்கும் கடன் இல்ல, நாளைக்கு ஒருத்தரும் சொல்லிக் காட்டவும் முடியாது. என்ன சொல்றீங்க?"

அத்தான் தாடையைத் தடவினார். எந்தக் கடையிலும் இப்படித்தான் தடவுவார், அடுத்து விலையைக் குறைத்துக் கேட்பார். நான் பல்லைக் கடித்தேன்.

"குறைச்சல்" என்றார்.

"எது குறைச்சல்?"

"நீங்க சொன்ன விலை. வாரத்துக்கு ஒரு நாளெல்லாம் பத்தாது. மூணு நாள்."

"மூணு நாள் உங்க பேச்சை யார் கேக்கிறது? ரெண்டு நாள் வாங்க, போதும்."

"அஞ்சு நாள்."

"சார், விக்கிறவன் நான். விலையை ஏத்தணும்னா நான் ஏத்தணும். வாங்கறவர் ஏத்தினா என்ன நியாயம்?"

"தெரியும். தினமும். குழியையும் நானே வெட்டறேன்."

"வெட்டவே வேணாம், பாதி ஏற்கெனவே வெட்டித்தான் இருக்கு."

"அப்போ மீதியை வெட்டறேன்."

"சார், தயவுசெய்து கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

பல் டாக்டர் வாளியும் கையுமாக இதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், இரண்டு பேருக்குமே மண்டை குழம்பிவிட்டது என்று தையல்கார அம்மாவிடம் சொன்னார். தெரு சிரிக்க ஆரம்பித்தது. அத்தான் சிரிக்கவில்லை. சேற்றுச் சட்டையோடு, விரலை ஆட்டி ஆட்டி, தன் வாழ்நாளில் பேசாத பேரத்தைப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. புகை என்று சொல்லிவிட முடியாது, புகைதான் போய்விட்டதே.

நான் காருக்குத் திரும்பினேன். அக்கா ஜன்னலை முழுக்க இறக்கி, கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, கடைத்தெருவில் வேடிக்கை பார்ப்பதுபோல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து சிரிப்பு வந்து இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது.

"எவ்வளவுக்கு வந்திருக்கு?" என்றாள்.

"தினமும் பெருக்கணும், குழி வெட்டணும். இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை எடுக்கட்டுமா?"

அவள் அத்தானையே பார்த்தாள். அவர் இப்போது எதிர்ச் சாரியையும் தானே பெருக்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெட்டியை இறக்கு" என்றாள் அக்கா. "இதுக்கு மேல ஏத்திட்டாருன்னா, அவரைத்தான் நாம பஸ் ஏத்தணும்."